முனிப்பாறையில் ஈர விறகு

அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ்ஸில் நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். வலப்பக்க வளைவுக்கு வலது கை விரல், இடப்பக்க வளைவுக்கு இடது கை விரல். அறுபத்தெட்டாவது வளைவில் பக்கத்து சீட்டுச் சிங்களப் பெண்மணி பின்னால் திரும்பி ஏதோ கேட்டார். பின் சீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "சீயா ரொம்ப நேரமா ஜெபம் பண்றாரே, வண்டி கவுந்துருமான்னு கேக்குறாங்க." சீயா என்றால் தாத்தா. நான் வளைவுகளைத்தான் எண்ணுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்த அம்மாள் முன்னைவிட அதிகமாகப் பயந்து, முன்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. திருச்சியில் எடையளவு ஆய்வாளராக முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவன். கடைக்காரர்களின் தராசை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன்.

என் சித்தப்பா குடும்பம் இலங்கைத் தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். அவர் மகள் மருதாயி போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்து பிழைத்தாள். "செத்துப் பிழைச்ச தங்கச்சியப் போய்ப் பாக்காம, இங்க உக்காந்து மாடிப்படிய எண்ணிக்கிட்டு இருக்கீங்களே" என்று என் மனைவி தினமும் இடித்துக்கொண்டிருந்தாள். அப்போது மருதாயியே போன் செய்தாள். "அண்ணே, முனிக்குப் பொங்கல் வக்கிறோம், வந்துட்டுப் போங்க. இது நாலாவது தடவ." நாலாவது என்பதை அவள் ஏன் அழுத்திச் சொன்னாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எழுபத்தொன்பதாவது வளைவில் பஸ் நின்றது. மேலேயிருந்து மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. சரிவுக்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையிலிருந்து வந்த இன்னொரு பஸ் நின்றது. இரண்டு கண்டக்டர்களும் மண்மேட்டின் மேல் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாங்கள் அந்த பஸ்ஸில் ஏற வேண்டியது, அவர்கள் இந்த பஸ்ஸில். நாற்பத்திரண்டு பேர் இங்கிருந்து போனோம், முப்பத்தைந்து பேர் அங்கிருந்து வந்தார்கள். நடுமேட்டில் ஒருவர் கையிலிருந்த கோழி என் பையின் மேல் சிறிது நேரம் உட்கார்ந்து பயணம் செய்தது. திருப்புவதற்கு இடமில்லாததால் புது பஸ் பின்னோக்கியே வெகுதூரம் போனது. பின்னோக்கிப் போகும்போது இடப்பக்க வளைவை எந்தக் கையில் எண்ணுவது என்பதற்கு விதி எதுவும் கிடையாது. நான் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

மருதாயியின் கணவர் ராமையா குடையோடு காத்திருந்தார். அறுபத்தாறு வயது, குட்டையான, கெட்டியான மனிதர். "வாங்க மச்சான், மழ உங்களுக்காகவே நேத்துலருந்து பெய்யுது" என்று பையை வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் ஈரம் என்பது ஒரு செய்தி. ஆடி மாதம் காவிரியில் தண்ணீர் வந்தால் பேப்பரில் போடுவார்கள். இங்கே சுவர், தலையணை, தீப்பெட்டி, உப்பு எல்லாமே ஈரம். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வீடு ஒரு லயத்தில் இருந்தது. ஒட்டினாற்போல் பத்து வீடுகள், ஒரே தகரக் கூரை. நான் கொண்டுவந்த நூறு மணப்பாறை முறுக்கில் அறுபத்தொன்றுதான் முழுதாக வந்து சேர்ந்திருந்தது. அதில் கோழிக்கு எத்தனை பொறுப்பு என்று தெரியவில்லை. மருதாயி இளைத்திருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது.

இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையல், கருவாட்டுக் குழம்பு. ராமையா ஒரு வாய் வைத்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனையைப் பார்த்தார்.

"பூன, கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு சொல்லு" என்றார்.

பூனை முதுகை நக்கிக்கொண்டது. இரண்டடி தூரத்தில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மருதாயி என்னைப் பார்த்து, "போட்ட புளிய திருப்பி எடுக்க முடியாதுண்ணே" என்றாள். ராமையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, மச்சான் இருக்காங்களே. பூனைக்கு இனிமே லீவு."

அன்று படுக்கப் போவதற்குள் நான் பதினான்கு செய்திகளை இரண்டடி தூரம் சுமந்திருந்தேன். ஒன்பது சாப்பாடு பற்றியது, மூன்று கதவைச் சாத்துவது பற்றியது. மீதி இரண்டை, சண்டை வரும் என்று தோன்றியதால் நானே திருத்திச் சொன்னேன்.

இரண்டாம் நாள் காலை பிளேன்டீ குடிக்கும்போது ராமையா விஷயத்தைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன் மச்சான். உள்ள இவளுக்கு மூச்சு இழுக்குது. முனிக்கு நேர்த்தி வக்கணும்னு நெனச்சேன். வச்சா பெரிசா வக்கணும்ல. சுருட்டு, டாக்டர் சொல்லி முன்னமே விட்டாச்சு. கறி மாசத்துக்கு ஒருக்கா, அத விட்டாலும் முனிக்குத் தெரியக்கூடத் தெரியாது. தெனமும் விடாம செய்யறது என்னான்னு யோசிச்சா, இவகிட்ட பேசறது ஒண்ணுதான். அதத் தூக்கிக் குடுத்துட்டேன். இவ பொழச்சா, ஒம் பாறையில பொங்கல் பொங்கற வரைக்கும் இவகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன்னு."

"எத்தனை நாளில் பொங்கல் வைப்பதாக உத்தேசம்?"

"ஒரு கெழமையில."

கெழமை என்றால் இங்கே வாரம். பதினொரு மாதம் ஆகியிருந்தது. மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் தீ பிடிக்கவில்லை. முனிப்பாறை தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது. அந்தக் காட்டு விறகைத்தான் எரிக்க வேண்டும், கீழேயிருந்து கொண்டுபோகக் கூடாது. மண்ணெண்ணெய் ஆகாது. நேர்ந்துகொண்டவர்தான் தீ மூட்ட வேண்டும். ஜனவரியில் இங்கே நல்ல வெயில் அடிக்குமே, அப்போது ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வெயில் காலத்துல காட்டுல நெருப்பு வக்க விட மாட்டாங்க மச்சான். காடு பத்திக்கும். மழயில வச்சா யாரும் கேக்க மாட்டாங்க."

அதாவது, தீ பிடிக்கிற காலத்தில் அனுமதி இல்லை; அனுமதி இருக்கிற காலத்தில் தீ பிடிக்காது. அரசு வேலையில் இருந்தவன் என்பதால் இது எனக்கு உடனே புரிந்தது.

ஆனாலும் ராமையா கலங்கவில்லை. அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்கிறார்கள், கொழுந்து காயவைக்கும் உலைக்கு முப்பத்தோரு வருஷம் விறகு போட்டவர். "நெருப்பு எனக்குச் சொந்தக்காரன்" என்றார். "மூணு தடவயும் வெறகு சரியில்ல. என் மேல தப்பில்ல."

அவர் வெளியே போனதும் நான் சமையலறைக்குப் போனேன். மருதாயி அடுப்பின் முன் உட்கார்ந்து மிலாறு சீவிக்கொண்டிருந்தாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். தோட்டத்தில் எல்லோர் அடுப்பிலும் அதுதான். அவள் கையிலிருந்ததில் தண்ணீர் சொட்டியது. ஒரு தீக்குச்சி உரசினாள், அடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரே குச்சி. நான் எண்ணத்தான் செய்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"உனக்குக் கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"என்னாண்ணே கஷ்டம்? நாப்பத்தி மூணு வருஷத்துல இந்தப் பதினோரு மாசந்தான் என் காது சும்மா இருந்துருக்கு. அடுப்புல வெறகு வக்கிறது சரியில்ல, தலைக்கு எண்ண வக்கிறது சரியில்ல. தும்முனாக்கூட, ஏன்டி இப்பிடித் தும்முறன்னு கேப்பாரு. வேற எப்பிடித் தும்முறது?"

"அப்படியானால் இந்தத் தடவையும் தீ பிடிக்காமல் போனால் உனக்கு நல்லதுதானே?"

அவள் ஊதாங்குழலை எடுத்து இரண்டு ஊது ஊதினாள். "நாலாவதும் தவறுனா ஆயுசுக்கும் இப்படியேதான்னு பூசாரி சொல்லிட்டாரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

ஆயுசுக்கும் என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள், பூசாரியை நேரில் பார்த்து விசாரிப்பது என்று பஜாருக்குப் போனேன். பூசாரி ஆட்டோ ஸ்டாண்டில் மூன்றாவது வண்டியில் உட்கார்ந்து கிழங்கு ரோல் தின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். நெற்றியில் விபூதி, கையில் இரண்டு போன்.

"மூணு தடவ தவறுனா முனி பொறுப்பாருங்க ஐயா. நாலாவதும் தவறுனா, நேர்த்திய நெரந்தரமா எடுத்துக்குவாரு. அப்புறம் அந்த ஆளு வாயத் தொறந்தா குடும்பத்துக்கு ஆகாது."

"இது எங்கே எழுதியிருக்கிறது?"

"எங்கயும் எழுதலீங்க. எழுதியிருந்தா மாத்திடலாமே."

முப்பத்துமூன்று வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு நேர்மையான பதிலை எந்த அலுவலகத்திலும் நான் கேட்டதில்லை. பூசாரி என்னை வண்டிக்குள் உட்காரவைத்து ஒரு போனை நீட்டினார். ஒரு வெள்ளைக்காரர் பனிக்காட்டில் உட்கார்ந்து ஈர விறகில் தீ மூட்டும் வீடியோ. இருபது நிமிஷம் ஓடக்கூடியது. "இந்தத் தடவ இதப் பாத்துப் பாத்துச் செய்வோம். முனி வீடியோவுக்குத் தட சொல்லல" என்றார். அதற்குள் இன்னொரு போன் அடித்தது. ஒரு ஹயர், அதாவது வாடகைச் சவாரி. என்னையும் ரோலையும் இறக்கிவிட்டு அவர் போய்விட்டார்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நான், ராமையா, பூசாரி, மருதாயி. ராமையா பானையும் அரிசியும் பாலும் சுமந்தார். மருதாயி ஒரு துணிப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். பூசாரி மூன்று மணிக்குக் கீழே இறங்கியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாலு மணிக்கு லிந்துலையில் ஹயர். தேயிலைக்குள்ளே ஏறுகிற படிகள் நானூற்றுப் பன்னிரண்டு. அதற்கு மேல் படி இல்லை, சேறுதான். காட்டு எல்லையைத் தாண்டியதும் அட்டைகள் ஏறின. இடது காலில் பதினொன்று, வலது காலில் எட்டு. வலது கால் ஏன் குறைந்தது என்று நின்று பார்த்ததில் இன்னும் மூன்று ஏறின.

"நிக்காதீங்க மச்சான்" என்றார் ராமையா. "நடக்குற காலுக்குத்தான் மதிப்பு."

முனிப்பாறை ஓர் ஆள் உயரக் கருங்கல். மேல் பக்கம் முன்னால் நீண்டிருந்ததால், அடியில் மழை படாத இடம் ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. பாறையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பெண்கள் அந்தக் கற்களைத் தாண்டக் கூடாது. மருதாயி அந்தப் பக்கத்தில் ஓர் உரச்சாக்கை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

ராமையா காட்டுக்குள் போய் விறகு கொண்டுவந்தார். கைத் தடிமனில் ஒன்பது கட்டைகள். தரையில் கிடந்தவை, நசுக்கினால் நுரை வரும். அவற்றைப் பாறைக்கு அடியில் இடைவெளி இல்லாமல் மூன்று மூன்றாக அடுக்கினார். பார்க்க மிக அழகாக இருந்தது. உலையில் இப்படித்தான் அடுக்குவார்களாம். ஆனால் உலைக்குப் பின்னால் ஒரு பெரிய காற்றாடி ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும் என்பதும், அந்த உலை ஒருநாளும் முழுதாக அணையாது என்பதும் அவர் நேற்றே சொன்ன தகவல்கள். முப்பத்தோரு வருஷம் அவர் நெருப்பை வளர்த்தவரே தவிர, பிறப்பித்தவர் அல்ல.

தீப்பெட்டி என்னிடம் இருந்தது. மேலே ஐம்பது குச்சி என்று போட்டிருந்தது. எண்ணினேன், நாற்பத்தேழு. பழைய கோபம் வந்தது. ஆனால் வழக்குப் போட அந்தக் காட்டில் யாரும் இல்லை.

முதல் எட்டுக் குச்சிகளில் முப்பது கற்பூரக் கட்டிகள் தீர்ந்தன. கற்பூரம் பிரமாதமாக எரிந்தது. கட்டைகள் அதை வேடிக்கை பார்த்தன. அடுத்து நெய். நெய் கட்டையின் மேல் வழிந்து, கொஞ்சம் வாசனை வந்தது, அவ்வளவுதான். பூசாரி வீடியோவைப் போட்டார். வெள்ளைக்காரர் கத்தியை உயர்த்தியபடி அப்படியே நின்றுவிட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பூசாரி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாறையைச் சுற்றி வந்தார். "பிரதட்சணம் மாதிரியும் ஆச்சு" என்றார். வெள்ளைக்காரர் கத்தியை இறக்கவே இல்லை.

"காற்று வேண்டும் மாப்பிள்ளை" என்றேன். "எரிவதற்கு ஆக்சிஜன் தேவை. பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்."

"அது ஸ்டோர்ல இருந்துச்சுங்க மச்சான்" என்றார் ராமையா வருத்தத்தோடு.

கடைசியில் என் நோட்டைக் கொடுத்தேன். மழைக்காகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்ததால், அந்த மலையிலேயே உலர்ந்த பொருள் அது ஒன்றுதான். இருபத்திரண்டு பக்கங்கள். ராமையா கிழிக்கத் தயங்கினார். நானே கிழித்துக் கொடுத்தேன். நன்றாக எரிந்தது. அக்கரப்பத்தனைச் சாலையின் வளைவுகள் மொத்தம் எத்தனை என்ற தகவல் இப்போது உலகில் எங்கும் இல்லை. கட்டைகள் மேல்பக்கம் லேசாகக் கறுத்தன.

மணி ஒன்று நாற்பது. மீதித் தீக்குச்சி ஐந்து. பூசாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் முனியைப் பார்ப்பதுமாக இருந்தார். மழை பலத்தது. ராமையா குந்தி உட்கார்ந்து, கறுத்த கட்டை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்து மூன்று வருஷம் தும்மலைக்கூட விடாமல் பேசிய மனிதர் இனிமேல் ஆயுள் முழுவதும் பூனையிடம் பேச வேண்டும்.

"மச்சான்" என்றார். "அவகிட்ட சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

அவர் யோசித்தார். கட்டையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார்.

பன்னிரண்டு அடி தூரம்தான். மருதாயிக்குக் கேட்டிருக்கும். அவள் வெற்றிலையைத் துப்பினாள். குடையை மடக்கிவிட்டு எழுந்து, கற்களின் வரிசை வரைக்கும் வந்து நின்றாள்.

"அண்ணே. அந்தக் கட்டையெல்லாம் தூக்கி வெளிய போடச் சொல்லுங்க. பொணம் அடுக்குற மாதிரி அடுக்கி வச்சிருக்காரு."

ராமையா சட்டென்று என்னைப் பார்த்தார், பிறகு பூசாரியைப் பார்த்தார். "இதக் கேக்கலாமா?"

பூசாரி கண்ணை மூடி ஆலோசித்தார். "கேக்கறது பேச்சாகாது. ஆனா அவங்க சொல்லி நீங்க செஞ்சா, அது பதில் சொன்ன மாதிரி. ஐயா சொல்லி நீங்க செஞ்சா, அது ஐயா பேச்சு."

ஆகவே மருதாயி சொல்வாள், நான் திரும்பச் சொல்வேன், நான் சொல்லி முடிக்கும்வரை ராமையா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எல்லோருக்கும் எல்லாமே இரண்டு தடவை கேட்டது.

"கீழ கெடக்குற வெறகு வேணாம். செத்து, மரத்துலயே நிக்கிற கொப்ப ஒடிங்க."

"கீழே கிடக்கிற விறகு வேண்டாம். செத்து, மரத்திலேயே நிற்கிற கொப்பை ஒடிக்க வேண்டும்" என்றேன்.

ராமையா ஓடினார். ஐந்து கொப்புகள் வந்தன. வெளியே ஈரம்தான், ஆனால் ஒடித்தபோது சடக்கென்று சத்தம் வந்தது. தரையில் கிடந்தவை ஒன்றுகூட அப்படிப் பேசவில்லை.

"பட்டைய உரிச்சிட்டு, பொளந்து, உள்ள இருக்குறத எடுங்க. ஈரமெல்லாம் மேல் சட்டதான்."

நான் சொன்னேன். ராமையா கவ்வாத்துக் கத்தியால் பிளந்தார். உள்ளே மரம் வெளுப்பாக, முறுக்குபோல உலர்ந்து இருந்தது. அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டு நிக்க வேணாம், சீவச் சொல்லுங்க. சுருள் சுருளா. கீழ மூணு கல்லு போட்டு அதுக்கு மேல. ஈரத் தரையில வச்சா தரைதான் சூடாகும்."

"நிற்க வேண்டாம், சீவுங்கள்..."

"ரெண்டு விரக்கடை சந்து விடுங்க. நெருப்பும் மூச்சு விடணும்ல."

இதை நான் ஆக்சிஜன் என்று முன்பே சொல்லியிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். யாரும் கவனிக்கவில்லை.

மருதாயி துணிப்பைக்குள் கைவிட்டு ஊதாங்குழலை எடுத்து, கற்களுக்கு மேலாக எறிந்தாள். அது பூசாரியின் காலருகே விழுந்தது. பெண் கையிலிருந்த பொருள் எல்லையைத் தாண்டலாமா என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். மணி இரண்டேகால். "இரும்புல ஆம்பள பொம்பள கெடையாது" என்று அவர் உடனே தீர்ப்புச் சொன்னார்.

முதல் குச்சி தலை உடைந்தது. இரண்டாவது குச்சியில் சுருள் பிடித்தது. ராமையா அவசரப்பட்டு ஒரு பெரிய துண்டை மேலே வைக்கப் போனார்.

"வக்காதீங்க" என்றாள் மருதாயி, நேராக அவரைப் பார்த்து. அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் "வைக்காதீர்கள்" என்று சொல்லி அதைச் சட்டப்படி ஆக்கினேன். மருதாயி தொடர்ந்தாள்: "மொதல்ல பென்சில் மொத்தத்துக்குக் குச்சி. அது பிடிச்ச பெறகு விரல் மொத்தம். ஈரக் கட்டைய பக்கத்துல சாத்தி வைங்க, அது தன்னால காயட்டும். இப்ப ஊதுங்க. மேலருந்து இல்ல, அடியில. மெதுவா."

அவர் தரையோடு கன்னம் வைத்துப் படுத்து ஊதினார். அவ்வளவு மெதுவாக அவர் எதையாவது செய்து நான் அந்த நான்கு நாளில் பார்த்ததில்லை. இரண்டு இருபத்தாறுக்கு அது தீ ஆனது. சுற்றி நிறுத்திய வேறு மூன்று உயரமான கற்கள் மேல் பானை ஏறியது. பத்தொன்பது நிமிஷம் நால்வரும் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பால் கழுத்து வரைக்கும் வந்து இரண்டு தடவை இறங்கியது. மூன்றாவது தடவை விளிம்பைத் தாண்டி வழிந்து தீயில் சுரீர் என்றது. பூசாரி கும்பிட்டார். அரிசியைப் போட்டுக் கிளறும் முன்பே லிந்துலைக்கு ஒரு போன் செய்து அரை மணி நேரம் வாங்கிக்கொண்டார்.

பொங்கலை இறக்கி முனிக்குப் படைத்த பிறகு, "முடிஞ்சிருச்சுங்க" என்றார் பூசாரி. "பேசலாம்."

ராமையா எழுந்தார். முகமெல்லாம் கரி. கற்களின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மருதாயி. நான் ஏறக்குறைய நடுவில் நின்றதால் சற்று ஒதுங்கிக்கொண்டேன். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்து சொன்னது இது:

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிக்கிட்டு, மூணு தடவயும் ஏன்டி சும்மா உக்காந்திருந்த?"

மருதாயி அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஊதாங்குழலு மூணு தடவயும் பையிலதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க."

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. "அவர் இப்போது பேசலாமே. நீ நேராகவே சொல்லலாம்."

"அவரு நேர்த்தி முடிஞ்சிருச்சு. நானும் ஒண்ணு வச்சிருக்கேன்னு சொல்லுங்க."

சொன்னேன். மழைத்தண்ணீர் ராமையாவின் முகத்துக் கரியில் இரண்டு கோடு போட்டது. பூசாரி வானத்தைப் பார்த்தார். இதற்கு அவரிடம் விதி இருந்ததாகத் தெரியவில்லை.

"எத்தன நாளைக்குன்னு கேளுங்க மச்சான்" என்றார் ராமையா, சின்னக் குரலில்.

கேட்டேன். மருதாயி பானையைப் பார்த்தாள்.

"இந்தப் பொங்கலத் தின்னு முடிக்கிற வரைக்கும்னு சொல்லுங்க."

பூசாரி ஆளுக்கொரு வாழையிலைத் துண்டில் பொங்கல் வைத்தார். ஆவி பறக்கும் பொங்கலை ராமையா ஏழு வாயில் முடித்தார். அவ்வளவு சூட்டில் ஒரு மனிதர் பொங்கல் தின்று நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு இலையை மடித்து, கற்களின் ஓரத்தில் போய்க் குந்தி, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மருதாயி உரச்சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பருக்கையை எடுத்து ஊதினாள். முந்திரியைத் தனியாக ஒதுக்கினாள். நான் எண்ணினேன். முப்பத்தெட்டாவது வாயில் இலை காலியானது. விரல்களை ஒவ்வொன்றாக வழித்துவிட்டு, கற்களுக்கு மேலாக இலையைப் பூசாரியிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றாள்.